இடது காதுக்கு மேலே

திருத்தணி
6-8-1986

அன்புள்ள பாவாவுக்கு,

கோமளா எழுதுவது. நானும் ஜெயம்மா அண்ணியும் சுகமாக இருக்கிறோம். அந்த மலையில் உங்கள் உடம்பு எப்படி? போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தீர்கள். போய்விட்டதா, இல்லை எழுதாமல் விட்டால் போய்விடும் என்று விட்டுவிட்டீர்களா?

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இப்போதுதான் கரைந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. காவடி எடுத்து வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் பேச வேண்டும் என்று தபாலாபீஸ் வாசலில் வரிசை. "சித்தூர் குடும்மா", "நகரி இன்னும் வரலியா" என்று பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகக் காது நிறைந்துவிட்டது. நாளெல்லாம் யார் யாரையோ சேர்த்துவைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறேன். கட்டின புருஷனின் பட்டாளத்துக்குப் பேச மட்டும் என் போர்டில் வழியில்லை.

அண்ணி கைத்தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள். ஒத்தாசைக்கு நானும் உட்கார்ந்தால், "ஆபீஸ்ல ஒயர் புடிச்சிகினு வந்த கை, கம்முனு இரு" என்கிறாள். தெருக்குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. தெருக்குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சில வாரங்களாக நீங்கள் தூரத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று நீங்கள் வந்ததும் சொல்கிறேன். தீபாவளிக்கு லீவு கிடைக்குமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கோமளவல்லி

*

56 ஏ.பி.ஓ.
2-9-1986

அன்புள்ள கோமளாவுக்கு,

மணவாளன் எழுதுவது. நலம். இருமல் போய்விட்டது. நீயும் அக்காவும் நலமா?

இங்கே மழை நின்று குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் ஷூவுக்குள் கால் விட முடியவில்லை, மரம் மாதிரி இருக்கிறது. தீபாவளிக்கு லீவு இல்லை. பொங்கலுக்கு என் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று ஹவில்தார் சொன்னார்.

உன் கடிதத்தை நான் ஒரு தடவை படித்துவிட்டு வைக்கிறவன் இல்லை. அதனால் கேட்கிறேன். தண்ணீர் வருகிறது என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் கையெழுத்தும் சரிந்து அடுத்த வரிமேல் ஏறியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் எழுதினாயா? காய்ச்சலா? வேறு யாருக்கும் இது தெரிந்திருக்காது. உன் எழுத்து எனக்குத் தெரியும்.

நான் தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை என்றாய். எனக்கு நீ ரொம்ப தூரத்தில்தான் இருக்கிறாய்.

பதில் போடு.

மணவாளன்

*

திருத்தணி
21-9-1986

தம்பி மணவாளனுக்கு,

அக்கா ஜெயம்மாள் ஆசீர்வாதம். முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு.

நான் எழுதுவது கோமளாவுக்குத் தெரியாது. உனக்குச் சொல்லக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். எனக்குச் சத்தியத்தைவிட அவள்தான் முக்கியம், எழுதிவிட்டேன்.

போன வாரம் எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் வரதராஜன் சார் நம் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர். வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, அந்தப் பொண்ணு வேலை செஞ்சிகினே எங்கியோ போயிடுது. ஒயரைக் கையில புடிச்சிகினு செவுத்தைப் பாக்குது. கூப்பிட்டா காது கேக்கல. கொஞ்ச நேரம் போனா தானா வந்து ‘நம்பர் ப்ளீஸ்’ங்குது. நேத்து ஒரு சாவுச் செய்தி நடுவுல நின்னுபோச்சி. ஆபீசுக்கு எழுதறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன்" என்றார்.

நானும் பார்த்திருக்கிறேன் தம்பி. அரிசி களைந்துகொண்டே அப்படியே நின்றுவிடுவாள். வாயைச் சப்புக்கொட்டுவாள். முகத்தில் ஒரு சிரிப்பு. "இன்னாடி, யாரைப் பாத்து சிரிக்கிறே?" என்றால் பதில் இல்லை. அப்புறம் "ஒண்ணுமில்ல அண்ணி" என்பாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே உள்ள டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இப்போது மெட்ராஸ் போகச் சொல்கிறார். தலைக்குள் படம் எடுக்கிற மிஷின் அங்கே வந்திருக்கிறதாம். அவள் வரமாட்டேன் என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள்.

ஜெயம்மாள்

*

56 ஏ.பி.ஓ.
14-10-1986

அன்புள்ள கோமளாவுக்கு,

இங்கு நான் நலம். நீ நலமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவைக் கோபிக்காதே.

நீ மறைத்தது எனக்கு வருத்தம். ஆனால் இந்தக் கடிதத்தில் அதற்கு இடம் வேண்டாம். அக்காவுடன் மெட்ராஸ் போ. படம் எடு. அதில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு எழுத்து விடாமல் எனக்கு அனுப்பு. அர்த்தம் புரியாவிட்டாலும் அனுப்பு. கீழே பெரிய முகாமில் எங்கள் பட்டாளத்து டாக்டர் இருக்கிறார், கேப்டன், வங்காளி. அவரிடம் காட்டுகிறேன்.

உனக்கு வலி இருக்கிறதா? வலி இருந்தால் ஏன் சிரிக்கிறாய்?

பனி விழ ஆரம்பித்துவிட்டது. தபால் தாமதமானால் நான் எழுதவில்லை என்று நினைக்காதே.

மணவாளன்

*

திருத்தணி
16-11-1986

அன்புள்ள பாவாவுக்கு,

வணக்கம். அண்ணிக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை. நீங்கள் கம்பளியை நன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ் போய் வந்துவிட்டோம். காலை ரயிலில் ஏறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, அண்ணி சென்ட்ரல் வரை என் முந்தானையை விடவேயில்லை. அங்கே டாக்டர் சடகோபன் என்று ஒரு வயதானவர். என்னைக் கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார், கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தேன். பிறகு படம். மேஜைமேல் படுக்கவைத்து, பெரிய வளையத்துக்குள் தலையை விட்டார்கள். உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம். பாதியில் நிறுத்திக் கையில் ஊசி போட்டார்கள், உடம்பு முழுக்க வெந்நீர் ஊற்றியது போல் இருந்தது. வலியில்லை.

கறுப்புத் தாளில் வரிசையாகப் படங்கள். வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கி அடுக்கினது போல என் தலை. இடது காதுக்கு மேலே ஒரு வெள்ளை வளையம். பட்டாணிகூட அதைவிடப் பெரிது. அதைச் சுற்றிலும் இருட்டாக ஒரு வீக்கம். ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: சிங்கிள் ஸ்மால் ரிங் என்ஹான்சிங் லீஷன், லெஃப்ட் டெம்போரல், வித் எடிமா. கடைசியில் மூன்று பெயர் போட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் கேள்விக்குறி வைத்திருக்கிறார்கள்.

"கேள்விதான் போட்டுக்கினுகிறாங்க, பதில் இன்னாங்க?" என்று அண்ணி கேட்டாள். அங்கே இருந்த இன்னொரு டாக்டர், தலையைத் திறந்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். சடகோபன் டாக்டர், "அவசரம் வேணாம். டி.பி. கட்டியா இருக்கலாம். சிவப்பு மாத்திரை அதுக்கு. வெள்ளை மாத்திரை இந்த மாதிரி நின்னுபோகாம இருக்கிறதுக்கு. கொஞ்ச மாசம் போகட்டும், மறுபடி படம் எடுப்போம்" என்றார்.

அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

போர்டு வேலை வேண்டாம் என்று வரதராஜன் சார் என்னை பில் எழுதும் மேஜைக்கு மாற்றிவிட்டார். பொங்கலுக்கு வருவீர்கள் அல்லவா?

கோமளா

*

56 ஏ.பி.ஓ.
20-12-1986

அன்புள்ள கோமளாவுக்கு,

நான் சுகம். உன் சுகம் எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் கீழே இறங்கிப் போய் வந்தேன்.

கேப்டன் உன் கடிதத்தில் இருந்த வார்த்தைகளை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சிகரெட் பெட்டியைக் கிழித்து, அட்டையில் ஒரு தலை வரைந்து உள்ளே வளையம் போட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அது டி.பி.யாக இருக்கலாம். நாடாப்புழுவின் முட்டையாக இருக்கலாம், கறி தின்னாதவர்களுக்கும் கழுவாத கீரையிலிருந்து போய்விடுமாம். வேறு கட்டியாகவும் இருக்கலாம். படம் இடத்தைக் காட்டும், ஆள் யாரென்று காட்டாது என்றார். "உங்கள் டாக்டர் காத்திருக்கச் சொன்னது சரி. இப்போது தலையைத் திறக்க விடாதே. மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது" என்றார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். அந்த இடத்தில் வளையம் இருந்தால், நின்றுபோவதற்கு முன்னால் சிலருக்கு ஏதாவது வாசனை வருமாம், முன்னாலேயே நடந்தது மறுபடி நடப்பது போல் இருக்குமாம். "உன் மனைவிக்கு உண்டா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். புருஷன் நீ, உனக்குத் தெரியாதா என்பது போல் பார்த்தார்.

உன்னிடம் மெட்ராஸ் டாக்டர் கேட்டதும் இதுதானா?

லீவை எல்லோருக்கும் நிறுத்திவிட்டார்கள். காரணம் எழுத அனுமதியில்லை. பொங்கலுக்கு வர முடியாது. இதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் எழுத மனம் வரவில்லை.

மணவாளன்

*

திருத்தணி
25-1-1987

அன்புள்ள பாவாவுக்கு,

கும்பிடு. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அண்ணி நன்றாக இருக்கிறாள். நான் இடது கையால் காகிதத்தைப் பிடிக்க முடியாமல் தட்டை வைத்து அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். கட்டுப் போட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம்.

ஆமாம், டாக்டர் கேட்டது அதுதான். ஆமாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

வாசனை வரும். என்ன வாசனை என்று உங்களுக்கு மட்டும்தான் சொல்ல முடியும். முதல் தடவை லீவில் வந்தீர்களே, ஸ்டேஷனிலிருந்து மழையில் நனைந்துகொண்டே. அந்த நனைந்த கம்பளிக் கோட்டும் ஷூ பாலிஷும் கலந்த வாசனை. திடீரென்று மூக்கில் ஏறும். வயிற்றிலிருந்து என்னவோ மேலே எழும்பும். அப்புறம் நீங்கள் என் பின்னால் நிற்பீர்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம், நிற்பது தெரியும். ஏதோ சொல்ல வாயெடுப்பீர்கள். அந்த வார்த்தை வருவதற்கு முன்னால் போய்விடும். கண் முழித்தால் அண்ணி கத்திக்கொண்டிருப்பாள்.

இதை நோய் என்று நான் எப்படி நினைப்பேன்? கல்யாணமாகி நாலு வருஷத்தில் நீங்கள் என்னோடு இருந்த நாட்களை நான் கணக்குப் பார்ப்பதில்லை, பார்த்தால் தாங்காது. இதில் தினம் ஒரு தடவை வந்தீர்கள். ஏக்கம் முற்றினால் இப்படித்தான் ஆகும்போல என்று இருந்துவிட்டேன்.

வெள்ளை மாத்திரை ஆரம்பித்ததும் நீங்கள் வருவது நின்றுபோயிற்று. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். உங்கள் லீவு நின்றுபோன கடிதம் பொங்கலுக்கு முன்தினம் வந்தது. அன்றைக்கே வெள்ளை மாத்திரையைச் சாப்பிடுவதை நிறுத்தினேன். சிவப்பை நிறுத்தவில்லை. அண்ணி எதிரில் வாயில் போட்டுக்கொண்டு, கொல்லையில் போய்த் துப்பினேன்.

நாலாம் நாள் வாசனை வந்தது. ஆனால் இந்தத் தடவை அதோடு நிற்கவில்லை. கைகால் இழுத்து அடுப்பின்மேல் விழுந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அண்ணிதான் இழுத்துப் போட்டாள். "அவனுக்கு நான் இன்னாடி பதில் சொல்றது?" என்று என்னை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுததுதான் முதலில் காதில் விழுந்தது.

திட்டி எழுதுங்கள். திட்டினாலும் எழுதுங்கள்.

கோமளா

*

56 ஏ.பி.ஓ.
22-2-1987

அன்புள்ள கோமளாவுக்கு,

நான் நலம். கை ஆறிவிட்டதா? அதை முதலில் எழுது.

உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் சந்தோஷமாக இருந்தது. எனக்காக ஒருத்தி இப்படி இருக்கிறாளே என்று. அப்புறம் அந்தச் சந்தோஷத்தை நினைத்தே வெட்கமாகிவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. உன்மேல் இல்லை. உன் பின்னால் வந்து நிற்கிறானே, அவன்மேல்.

அவன் லீவு கேட்டு வருகிறானா? ரயிலில் நின்றுகொண்டு வருகிறானா? நான் இங்கே பனியை வெட்டி வழி பண்ணுகிறேன், அவன் நினைத்தபோது சமையல்கட்டில் வந்து நிற்கிறான். உன் கை எரிந்தபோது என்ன செய்தான்? அக்காதானே இழுத்தாள். நானாக இருந்தால் சும்மா நின்றிருப்பேனா?

நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்று சொல்கிறேன், கேள். காய்ந்த ரொட்டியைக் கடித்து முன்பல்லில் ஒன்று பாதி உடைந்துவிட்டது. முன்பக்கம் முடி கொட்டி நெற்றி ஏறிவிட்டது. தூக்கத்தில் இந்தியில் கத்துகிறேனாம், பக்கத்தில் படுப்பவன் சொல்கிறான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். நீ சொல்கிற அந்தக் கம்பளிக் கோட்டு கிழிந்து எங்கேயோ போய்விட்டது. உன்னிடம் வருகிறவன் மழையில் நனைந்து வந்த அந்தப் புது மாப்பிள்ளை. அவன் எனக்கே இப்போது தெரியாதவன்.

மாத்திரையைச் சாப்பிடு. அவன் போகட்டும். அவன் போனால் நீ தனியாகிவிடுவாய், எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் இங்கே தனியாகத்தான் இருக்கிறேன். கொஞ்ச நாள் அப்படியே இருப்போம்.

அவன் சொல்ல வந்து சொல்லாமல் போனது என்னவென்று எனக்குத் தெரியாது. நான் சொல்வது இதுதான். நீ உயிரோடு இருக்க வேண்டும். நான் வருகிறபோது கதவைத் திறக்க நீ இருக்க வேண்டும்.

அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. வெட்கப்படாதே.

மணவாளன்

*

திருத்தணி
3-5-1987

அன்புள்ள பாவாவுக்கு,

வணக்கம். உடைந்த பல்லில் குளிர் பட்டால் கூசுகிறதா? கிராம்பு வைத்துக் கடியுங்கள்.

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் கடிதத்துக்குப் பதிலாக என்ன எழுதினாலும் பொய் போல இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தேன், அதுதான் என் பதில். அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டு, "என் தம்பிக்கு இவ்ளோ பேசத் தெரியுமா?" என்றாள். அன்றிலிருந்து மாத்திரை முழுங்கினதும் என் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள்.

கை ஆறிவிட்டது, தழும்புதான்.

போன மாதக் கடைசியில் மறுபடி படம் எடுத்தோம். பாவா, அந்த வளையம் இல்லை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி டாக்டர்கள் பார்த்தார்கள். அதே தலை, அதே காது. வளையமும் இல்லை, வீக்கமும் இல்லை. திறக்க வேண்டும் என்று சொன்ன டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எங்கங்க பூட்டுது?" என்றாள் அண்ணி.

சடகோபன் டாக்டர், "தெரியலம்மா. மாத்திரையில கரைஞ்சிதா, தானா போச்சா, இன்னாவா இருந்ததுன்னே எனக்குத் தெரியல. இந்த மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேருக்கு ஆகியிருக்கு. போயிடுச்சி, அது மட்டும்தான் என்னால சொல்ல முடியும்" என்றார். இத்தனை பெரிய டாக்டர் தெரியவில்லை என்று சொன்னதும் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. வெள்ளை மாத்திரையை மட்டும் இரண்டு வருஷம் விடக்கூடாதாம். அவரிடம் வாசனையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அண்ணி வண்டியில் எதிரில் இருந்தவர்களுக்கெல்லாம் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன்.

உங்கள் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை பாவா. போட்டோவில் இருப்பது தொப்பிதான்.

கோமளா

*

56 ஏ.பி.ஓ.
9-6-1987

அன்புள்ள கோமளாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

கேப்டனிடம் சொன்னேன். வளையம் போட்ட அந்த அட்டையை இன்னும் வைத்திருந்தார், கிழித்துப் போட்டுவிட்டு என் தோளில் தட்டினார்.

லீவு கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே புறப்படுகிறேன். ஸ்டேஷனுக்கு வா. பார்த்ததும் அடையாளம் தெரியாவிட்டால் அவசரப்படாதே, நின்று பார்.

மணவாளன்

*

திருத்தணி
20-9-1987

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கோமளாவின் வணக்கம். முகாமுக்குப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. அண்ணி உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

ஸ்டேஷனில் உங்களைத் தாண்டிப் போய்விட்டேனே, அதை நினைத்து இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். முதல் வாரம் எனக்கு உங்களிடம் பேசவே கூச்சமாக இருந்தது. வேறு யாரோ வீட்டில் தங்கியிருப்பது போல. மிளகாய்த்தூள் டப்பாவை எல்லாம் பட்டாளத்து ஒழுங்கில் நீங்கள் இடம் மாற்றி வைத்ததும் எனக்குக் கோபம் வந்து, நீங்களும் கத்தி, நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாள்தான், அடேயப்பா, இவர் என் வீட்டுக்காரர் என்று பட்டது. டப்பாக்களை இன்னும் திருப்பி வைக்கவில்லை. தினம் தேடுகிறேன், தினம் திட்டுகிறேன்.

எக்ஸ்சேஞ்சில் மறுபடி போர்டுக்கு எடுத்துக்கொள்வதா என்று யோசிக்கிறார்கள். வரதராஜன் சார் எனக்காக எழுதியிருக்கிறார்.

நீங்கள் போன மறுவாரம் சடகோபன் டாக்டரைப் பார்க்கப் போனோம். விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்தார், முட்டியைத் தட்டினார்.

"இப்போ எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"அவரு பூட்டாருங்க" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"நான் தலையைக் கேட்டேன்மா."

"தலை நல்லாருக்குதுங்க."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். நீட்டிய சீட்டை உடனே விடவில்லை.

"அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லியேம்மா" என்றார்.

"வேணாங்க" என்றேன்.

கோமளா